சீட்டுக்காசும் சம்பளக் கணக்கும்

மட்டக்களப்பு டவுனில் ஒரு பெண்பிள்ளை கடை வேலைக்குச் சேரும்போது சம்பளம் எவ்வளவு என்று பெரும்பாலும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. "நாளைக்கு வா புள்ள, முதல்ல வேலையப் பழகு, பார்த்துச் செய்வம்" என்பார் முதலாளி. கூட்டிக்கொண்டு போன மாமாவோ சித்தியோ அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். முதலாளி தெரிந்தவர், சில வேளை தூரத்துச் சொந்தம். ஊர்க் கோயிலில் வண்ணக்கராக, அதாவது கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிறவராக, இருப்பார். பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு வந்து பரிசு தந்திருப்பார். அப்படிப்பட்ட மனிதரிடம் சம்பளத்தைப் பற்றிப் பேச நாக்கு எழாது.

அந்த இடத்திலேயே எல்லாம் பிழையாகிப் போகிறது என்று நான் நினைக்கிறேன். சம்பளம் என்பது முதலாளி செய்யும் உதவி ஆகிவிடுகிறது. உதவியில் குறை சொல்ல ஏலாது, உதவிக்கு ரசீதும் கேட்க ஏலாது. எங்கள் பக்கத்தில் தொழிலாளர் உரிமை என்று யார் வேலை செய்ய வந்தாலும் முதலில் தொட வேண்டியது இதைத்தான்.

நானும் பல வருடம் புடவைக்கடையில் நின்றவள். படுவான்கரைப் பிள்ளைகள் எங்களுக்கு டவுன் என்பது வாவிக்கு அந்தப் பக்கம். வவுணதீவுப் பக்கத்தார் வலையிறவுப் பாலத்தால் வருவார்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார், 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். பாலம் வந்த பிறகு பஸ்ஸில் நேரே வந்து இறங்கலாம் என்று ஆனது. வீட்டில் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்து இன்னும் பல பிள்ளைகள் கடைகளுக்கு வேலைக்கு வந்தார்கள். ஆள் கூடியதே தவிர சம்பளம் கூடவில்லை. நீ போனால் நாளைக்கே இன்னொருத்தி வருவாள் என்பது முதலாளிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

காலை எட்டரைக்குக் கடைக்குள் போனால் வெளியே வர இரவு ஏழு, ஏழரை ஆகும். சித்திரை வருசம், தீபாவளி, நோன்புப் பெருநாள், நத்தார் என்று வியாபாரம் சூடு பிடிக்கும் நாட்களில் பத்து மணியும் ஆகும். கடைசி பஸ் போய்விட்டால் ஆட்டோவுக்குக் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பேச்சும் வாங்க வேண்டும். நாள் முழுக்க நிற்க வேண்டும். ஆள் இல்லாத நேரம் உட்காரலாமே என்றால் கமெரா இருக்கிறது. மாதவிடாய் நாட்களில் கழிவறைக்குப் போவதற்கு மனேஜரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவர் ஆம்பிளை. இதையெல்லாம் சட்டத்தின் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிறகு கடைப் பெண்கள் நாங்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டத்தில் சம்பளத்துக்கு முன்னால் பேசியது இதைத்தான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு. வாரத்தில் ஒன்றரை நாள் லீவு. வருடத்துக்கு 14 நாள் வருட லீவு, 7 நாள் அமய லீவு. எங்கள் பாட்டிமார் காலத்துச் சட்டம் இது. நான் நின்ற கடையில் ஞாயிறு அரை நாள் லீவு தருவதையே பெரிய மனசு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆகக்குறைந்த சம்பளத்துக்கு நாடு முழுக்கப் பொதுவான சட்டம் 2016இல் வந்தது. அப்போது மாதம் 10,000 ரூபா, நாளுக்கு 400. 2021இல் அது 12,500 ஆனது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். 2022இல் அரிசி, மா, காஸ், பஸ் காசு எல்லாம் ஏறின. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது. ஆகக்குறைந்த சம்பளமோ 2024வரை அதே 12,500இல் நின்றது. 2024இல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரி முதல் 30,000. நாட்சம்பளம் என்றால் 1,200. இதைப் படிக்கிறவர்கள் தங்கள் வீட்டிலிருந்து கடைக்குப் போகும் பிள்ளையிடம் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள், கையில் எவ்வளவு வருகிறது என்று.

ஈபிஎப் கதை இன்னும் மோசம். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. கடையில் ஒரே ஒரு ஆள் நின்றாலும் கட்ட வேண்டும். நிரந்தரமோ, தற்காலிகமோ, முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். சம்பளத்தில் எங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். அதற்கு மேல் ஈடிஎப், அதாவது ஊழியர் நம்பிக்கை நிதி, 3 வீதம். அதை முழுக்க முதலாளிதான் கட்ட வேண்டும், எங்கள் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. 30,000 சம்பளம் என்றால் ஈபிஎப் மாதம் 6,000, அதில் 3,600 முதலாளியுடையது. ஈடிஎப் 900. இரண்டையும் சேர்த்தால் வருடத்துக்கு 82,800 ரூபா. வட்டி தனி. ஒரு பெண் ஆறேழு வருடம் நின்றுவிட்டுக் கல்யாணம் கட்டி வேலையை விடும்போது அந்தக் காசை எடுக்கலாம், பெண்களுக்குச் சட்டம் அந்த வசதியைத் தந்திருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு குசினி கட்டவோ, ஒரு தையல் மெஷின் வாங்கிக் கடை போடவோ அது காணும். அந்தப் பிள்ளைகள் அதற்குப் பதிலாக நுண்கடன் கொம்பனியிடம் போய் வாரக் கட்டணத்துக்குக் கடன் எடுக்கிறார்கள். தங்களுக்கு வர வேண்டிய காசு வராததால் அடுத்தவன் காசை வட்டிக்கு வாங்குகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

இவ்வளவு சட்டம் இருந்தும் ஏன் கடைவாசல் தாண்டி உள்ளே வருவதில்லை? எழுத்தில் ஒன்றுமில்லாததுதான் பெரிய காரணம். நியமனக் கடிதம் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை, என்வலப்பில் காசு வரும், மேலே பென்சிலால் பெயர் மட்டும் இருக்கும். வரவு இடாப்பு இருக்கும், அது முதலாளியின் லாச்சிக்குள் இருக்கும். ஒருத்தி துணிந்து தொழில் அலுவலகத்துக்குப் போனால் உத்தியோகத்தர் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க அங்க வேலை செய்ததுக்கு என்ன ஆதாரம்?" அவர் கேட்பதில் பிழையில்லை. அவருக்கும் பைலில் வைக்க ஏதாவது காகிதம் வேண்டும்.

எங்கள் மாவட்டத்துக்குச் சங்கம் புதிதல்ல. 1956இல் உற்பத்தி தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் ஒன்றாக வேலை செய்தார்கள். என் மாமா ஒருவர் அங்கே இருந்தார். சங்கக் கூட்டத்துக்குப் போவதை அவர் கோயிலுக்குப் போவதுபோல் சொல்லுவார். சம்பளம் எவ்வளவு, ஓ.டீ. என்ற மேலதிக நேரக் காசு எவ்வளவு, ஈபிஎப் இலக்கம் என்ன என்று எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். யுத்தத்தோடு ஆலை தேய்ந்தது, அந்தப் பழக்கமும் தேய்ந்தது. யுத்த காலத்தில் நாலு பேர் ஒரு வளவில் கூடினாலே ஏன் கூடினீர்கள் என்று இரண்டு பக்கமும் வந்து கேட்ட ஊர் இது. கூடாமல் இருப்பதே புத்தி என்று ஒரு தலைமுறை பழகிவிட்டது. சுனாமிக்குப் பிறகு சங்கங்கள் மறுபடி நிறைய வந்தன. ஆனால் அவை பெரும்பாலும் சாமான் வாங்கவும் கடன் எடுக்கவும் பதிவு செய்த சங்கங்கள். யாரிடமும் எதையும் கேட்டு நிற்கும் சங்கங்கள் அல்ல. சங்கம் என்றால் "என்ன குடுக்கிறாங்க?" என்று கேட்பது அப்போது வந்த பழக்கம்.

இதற்கிடையில் ஒருவரும் பதிவு செய்யாமல், எந்தப் பலகையும் மாட்டாமல், பெண்கள் நடத்திக்கொண்டு வந்தது சீட்டு. நாங்களும் அதிலிருந்துதான் தொடங்கினோம்.

நான் கடையை விட்டு வீட்டில் தைக்கத் தொடங்கிய பிறகும் பழைய கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெயரைச் சுருட்டிப் போட்டுக் குலுக்கி எடுக்கிற சாதாரணச் சீட்டு. புடவைக்கடை, பென்சிக் கடை, பாமசி, பேக்கரி என்று வெவ்வேறு இடத்தில் நிற்கும் பெண்கள். ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் அக்கா ஒருவரும் (ராத்தா என்றுதான் கூப்பிடுவோம்) அவருடைய மருமகளும் அதில் இருந்தார்கள். சம்பளம் எடுத்த கையோடு ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டு மாமரத்தடிக்கு வந்து காசு கட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போவார்கள்.

ஒரு மாதம் ஒரு பிள்ளையின் காசு குறைந்தது. சம்பளத்தில் வெட்டிவிட்டார்கள் என்றாள். ஏன் என்று கேட்டால், கணக்குப் பார்த்தபோது ஒரு சாரி குறைவாம், அந்த அடுக்குக்குப் பொறுப்பாக நின்ற மூன்று பேருக்கும் பிரித்து வெட்டினார்களாம். அவளோடு அதே கடையில் நின்ற இன்னொருத்தியும் அங்கே இருந்தாள். அவளுக்கும் வெட்டியிருந்தது. ஆனால் வெட்டிய பிறகும் அவள் கையில் கூடுதலாக இருந்தது. அப்போதுதான் இரண்டு பேரும் தங்கள் சம்பளத்தை முதல் தடவையாக ஒருத்திக்கு ஒருத்தி சொன்னார்கள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதானே கா, எனக்கு மட்டும் ஏன் மூவாயிரம் குறைவு?"

பதில் எல்லாருக்கும் தெரியும். கூட எடுத்தவளின் தகப்பன் முதலாளியின் தென்னந்தோட்டத்தைப் பார்க்கிறவர். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் மேல் யாரும் கோபப்படவில்லை என்பதை நான் இங்கே சொல்ல வேண்டும். ராத்தாதான் பேச்சைத் திருப்பினார், "நாம எல்லாரும் சொல்லுவம், ஆருக்கு எவ்வளவெண்டு." வட்டமாக ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். என் கையில் சீட்டுக் கொப்பி இருந்தது, அதன் பின்பக்கத்தில் எழுதினேன். எழுதி முடிந்தபோது சட்டம் சொன்ன தொகையை எடுத்தவர்கள் இரண்டே பேர். ஈபிஎப் இலக்கம் தெரிந்தவள் ஒருத்தி. ஈபிஎப்புக்கென்று சம்பளத்தில் வெட்டுகிறார்கள், இலக்கம் மட்டும் தரவில்லை என்றவள் ஒருத்தி. அவளுடைய காசு எங்கே போகிறது என்று அன்றைக்கு இருட்டும்வரை பேசினோம்.

உடனே மனு எழுதுவோம் என்றார்கள் இளையவர்கள். வயதில் மூத்த அக்கா ஒருத்தி மாட்டேன் என்றாள். "ஒபிஸுக்குப் போனா முதலாளிக்குத் தெரிஞ்சிரும். மறுகா நான் எங்க போற? புருசனுமில்ல, அட்வான்ஸ் வேற எடுத்திருக்கன்." அவள் பயத்தை யாரும் சின்னதாக எடுக்கவில்லை. அட்வான்ஸ் என்பது எங்கள் கடைகளில் ஒரு கயிறு. பிள்ளைக்கு வருத்தம் என்றால் முதலாளி உடனே பத்தாயிரம் எடுத்து நீட்டுவார், உண்மையான இரக்கத்தோடுதான் நீட்டுவார். அந்தப் பத்தாயிரம் தீரும்வரை அவரிடம் எதுவும் கேட்க ஏலாது. தீரும் முன்னே அடுத்த தேவை வந்துவிடும்.

ஆகவே மனு வேண்டாம், முதலில் எழுதுவோம் என்று முடிவானது. ஆளுக்கொரு சின்னக் கொப்பி. திகதி, கடைக்குள் போன நேரம், சாப்பாட்டுக்கு விட்ட நேரம், வெளியே வந்த நேரம், கையில் தந்த காசு, வெட்டிய காசு, வெட்டியதற்குச் சொன்ன காரணம். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எழுதுவார்கள். ஒரு பிள்ளையின் கொப்பியில் சித்திரை வருசத்துக்கு முன் எழுதியிருந்தது இப்படி: "காலை 8.20. பகல் சாப்பாடு 15 நிமிசம். இரவு 9.50. பஸ் இல்ல. ஆட்டோ 800." அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. பக்கத்தைப் புரட்டினால் அந்த மாதம் ஆட்டோவுக்குப் போன காசு மட்டும் அவள் ஓ.டீ. என்று கையில் வாங்கியதைவிடக் கூட. தன் கையால் எழுதிக் கூட்டிப் பார்க்கும்வரை அது அவளுக்கே தெரியாது.

கொப்பிகள் சேர்ந்த பிறகுதான் தொழில் அலுவலகத்துக்குப் போனோம். ஒரே கடையில் நின்ற மூன்று பேரின் கொப்பியிலும் கடை மூடிய நேரம் ஒன்றாக இருந்தது. அதைப் பார்த்ததும் உத்தியோகத்தரின் பேச்சு மாறியது. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார், படிவம் எடுத்தார். பெயர் வெளியில் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டோம். பிறகு கடைக்குப் போய் இடாப்பைப் பார்த்தார்கள். இடாப்பில் இருந்த ஆட்களைவிடக் கடைக்குள் நின்ற ஆட்கள் கூட.

எல்லாம் வெற்றியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது கலவை. ஒரு கடையில் எல்லாருக்கும் நியமனக் கடிதம் வந்தது, ஈபிஎப்பும் தொடங்கினார்கள், ஆனால் அந்த மாதத்திலிருந்துதான். பழைய வருடங்களுக்கு விசாரணை இன்னும் இழுபடுகிறது. இன்னொரு கடையில் சம்பளத்தைச் சட்டத்தின் அளவுக்கு உயர்த்திவிட்டு, அதுவரை தந்த பகல் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். இலக்கம் இல்லாமல் ஈபிஎப் வெட்டிய கடையில், "ஆர் போய்ச் சொன்னது?" என்று ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டு, சந்தேகப்பட்ட ஒரு பிள்ளையை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். முறைப்பாடு கொடுத்தவள் அவளே அல்ல.

அந்தக் கிழமைதான் சீட்டு உண்மையில் சங்கமாக மாறியது என்பேன். அந்த மாதத்துச் சீட்டை யார் எடுப்பது என்று குலுக்கவில்லை. அட்வான்ஸ் எடுத்ததாகச் சொல்லிப் பயந்த அதே அக்காதான், "அந்தப் புள்ளைக்குக் குடுங்க, நான் கடைசியா எடுக்கிறன்" என்றாள். அந்தக் காசில் வேலை போன பிள்ளையின் வீடு இரண்டு மாதம் ஓடியது. மூன்றாவது மாதம் வேறு கடையில் சேர்ந்தாள், சேரும்போதே நியமனக் கடிதம் கேட்டு வாங்கினாள். வேலை போனால் தனியாகக் கிடக்க வேண்டியதில்லை என்று மற்றவர்களுக்குத் தெரிந்ததும் அடுத்த ஞாயிறு புதிதாக நாலு பேர் வந்தார்கள். எங்கள் ஊர் மரண உதவிச் சங்கங்களில் மாதாமாதம் காசு கட்டுவதை யாரும் கேள்வி கேட்பதில்லை, செத்த வீட்டுக்கு அது போகும் என்று தெரியும். அதேபோல வேலை போன வீட்டுக்கும் போகும் ஒரு காசு இருக்க வேண்டும் என்று இப்போது தனியாகச் சந்தா சேர்க்கிறோம்.

ராத்தாவின் முதலாளி அவரிடம் சொன்ன ஒரு சொல்லையும் எழுத வேண்டும்: "தமிழ் ஆக்கள்ட பேச்சைக் கேட்டு நம்மட ஆள்களுக்கு எதிராப் போறீங்களா?" தமிழ் முதலாளி ஒருவர் இதையே மறுபக்கமாக எங்கள் பிள்ளை ஒருத்தியிடம் சொல்லியிருந்தார். 1990இல் தமிழர், முஸ்லிம்களுக்கு இடையே நடந்த கொலைகளையும் 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பையும் பார்த்த ஊரில் இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் கூட்டத்தை ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் ராத்தா வீட்டில் என்று வைத்துக்கொண்டோம். தமிழ் முதலாளி கடைப் பிள்ளையின் கொப்பியையும் முஸ்லிம் முதலாளி கடைப் பிள்ளையின் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த முதலாளி எந்த மதம் என்று கண்டுபிடிக்க ஏலாது. இரண்டிலும் அதே 15 நிமிசச் சாப்பாடு, அதே வெட்டு.

சின்னக் கடை முதலாளிகளின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. பெரிய சுப்பர் மார்க்கெட்டுகள் வந்துவிட்டன, பேஸ்புக்கில் சாரி விற்கிறார்கள், கரண்ட் பில் ஏறிவிட்டது. ஆனால் டொலர் ஏறினால் சாரியின் விலையை ஏற்றுகிறார்கள். வாடகை ஏறினால் கொடுக்கிறார்கள். அதெல்லாம் ஏறும்போது வாயைக் கட்டிக்கொண்டு, சம்பளம் என்றதும் மட்டும் "கஷ்டம்தானே புள்ள, பார்த்துச் செய்வம்" என்பதை நான் ஏற்க மாட்டேன். கணக்கைக் காட்டிப் பேச வந்த ஒரு முதலாளியோடு எங்கள் பெண்கள் கணக்குப் பார்த்தே பேசினார்கள். பழைய ஈபிஎப் நிலுவையைத் தவணையாகக் கட்டுகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர்மேல் எனக்கு மதிப்பு இருக்கிறது.

கடை வேலையோடு இது நிற்காது. வயலில் களை பிடுங்கும் பெண்ணுக்கு அதே வரம்பில் நிற்கும் ஆம்பிளையைவிடக் குறைவாகக் கூலி கொடுப்பதை இன்னும் யாரும் கேட்கவில்லை. வீட்டு வேலைக்குப் போகும் அக்காமாரை ஈபிஎப் சட்டமே வெளியில் விட்டிருக்கிறது. அவர்களில் இரண்டு பேர் போன மாதம் கூட்டத்துக்கு வந்து பின்னால் இருந்து கேட்டுவிட்டுப் போனார்கள். கொப்பி வேண்டுமா என்று கேட்டோம், வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது எங்களுக்குள் நடக்கும் வாக்குவாதம் பதிவைப் பற்றியது. தொழிற்சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் போதும், 1935ஆம் ஆண்டுச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. எங்களிடம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறார்கள். ஒரு இடத்தில் வேலை செய்கிறவர்களில் 40 வீதம் பேர் உறுப்பினரானால் முதலாளி எங்களோடு பேச மறுக்க ஏலாது என்று 1999இல் வந்த திருத்தமும் இருக்கிறது. ஆறு பேர் நிற்கும் கடையில் அது மூன்று பேர். ஆனால் பதிவு என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பெயர் காகிதத்தில் ஏற வேண்டும், அந்தப் பெயர்கள் டவுன் முழுக்கத் தெரியும். நீங்கள் கடையில் இல்லைத்தானே அக்கா, உங்கட பெயரைப் போடுங்க என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு முதலாளி முன்னால் உட்கார்ந்து பேசப் போகிறவர்கள் அவர்கள், பெயரும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும். பொருளாளருக்கு ராத்தாவின் மருமகள் சரி என்றுவிட்டாள், அவளுக்குக் கணக்குக் கைவந்தது. செயலாளருக்கு, வேலையை விட்டு நிறுத்தப்பட்ட அந்தப் பிள்ளை யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். தலைவர் பதவிக்கு இன்னும் ஒருத்தரும் வரவில்லை. அடுத்த ஞாயிறு சீட்டுக்காசு எடுத்த பிறகு மறுபடி பேசுவோம்.